ஸ்பார்க் எங்கே போயிற்று?

எனக்கு வீடு செம்பூரில், கடை தாராவியில். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். மாட்டுங்கா மாமிகளின் கிரைண்டர், சால்களின் தண்ணீர்ப் பம்பு, மேஜை விசிறி, இவைதான் என் உலகம். படகு எஞ்சின் அதில் நுழைந்தது செம்பூரின் புவியியலால். அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே போனால் மாஹுல், டிராம்பே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்தபடி கோலி மீனவர்கள் இன்னும் தாணே கழிமுகத்தில் வலை போடுகிறார்கள்.

பெரிய விசைப்படகுகளில் டீசல் எஞ்சின். அதில் ப்ளக்கும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. சின்னப் படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு அப்படியல்ல. கயிற்றை இழுத்தால் ஃப்ளைவீல் சுற்றும், அதிலுள்ள காந்தம் காயிலைக் கடந்து ஓடும், மின்சாரம் பிறக்கும். பேட்டரி தேவையில்லை. மிகப் பழைய எஞ்சின்களில் அந்த மின்சாரத்தைச் சரியான நொடியில் வெட்டிவிட பாயின்ட்டும் கண்டென்சரும் இருந்தன. பிறகு அந்த இடத்துக்கு சி.டி.ஐ. என்ற கறுப்புப் பெட்டி வந்தது.

பாயின்ட்டைக் கண்ணால் பார்க்கலாம், தேய்த்துச் சுத்தம் செய்யலாம். பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் ஓடியவரை இந்த ஊரில் தெருவுக்கு ஒரு மெக்கானிக்குக் கண்ணளவிலேயே பாயின்ட் வைக்கத் தெரியும். 2001இல் அந்தக் காரின் தயாரிப்பு நின்றது. 2023 அக்டோபரில் கடைசி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. அந்தக் கைகளும் கூடவே போய்விட்டன. சி.டி.ஐ. பெட்டியோ ரெசின் ஊற்றி மூடியது. வாய் திறந்து மறுக்க முடியாத பொருள் என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில்.

எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர் சென்ற வருடம் கடைக்கு வந்தார். நான் அவரை 'தாதா' என்பேன் (மராட்டியில் அண்ணன், சினிமா தாதா அல்ல). அவர் என்னை 'அண்ணா' என்பார். இரண்டும் ஒன்றுதான். முந்தைய வாரம் வற்றம் தொடங்கிய நேரத்தில் கழிமுகத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. தண்ணீர் வடிந்தால் இடுப்பளவு சேறு. இறங்கி நடக்க முடியாது. அவரும் மகனும் அடுத்த ஏற்றம் வரும்வரை ஆறு மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கரையில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "சி.டி.ஐ. போச்சு, மாற்று" என்று சொல்லிவிட்டார்களாம். மனைவியின் வளையலை அடகு வைக்கக் கிளம்பியவர், அதற்கு முன் காயிலை ஒரு தரம் பார்த்துச் சொல் என்று என்னிடம் வந்திருந்தார்.

காயிலை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு டிராம்பே போனேன்.

முதலில் பெட்ரோல் டேங்க்கைத் தள்ளி வைக்கச் சொன்னேன். ஸ்பார்க் பார்க்கிற இடத்தில் பெட்ரோல் ஆவி ஆகாது. ப்ளக்கைக் கழற்றி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் உடம்போடு நன்றாக ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தோம். இப்படி எர்த் கொடுக்காமல் இழுத்தால் நல்ல சி.டி.ஐ.யும் கெட்டுவிடலாம். ஸ்பார்க் இல்லை. புது ப்ளக் போட்டோம். அப்போதும் இல்லை. காயில்களின் ஓம்ஸ் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் சாகவில்லை. சி.டி.ஐ.யைச் சாதாரண மீட்டரால் நம்பிக்கையாகச் சோதிக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அதைக் குற்றவாளி என்று சொல்ல நியாயம் உண்டு.

மிச்சம் ஸ்டாப் ஸ்விட்ச். எஞ்சினை நிறுத்தும் அந்தப் பொத்தான், ப்ளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. அதன் ஒயர் எங்காவது தோலுரிந்து உலோகத்தில் பட்டால், யாரும் அழுத்தாமலே எஞ்சின் 'நிறுத்தப்பட்டுவிடும்'. அந்த ஒற்றை ஒயரின் இணைப்பைப் பிரித்துவிட்டு இழுத்தோம். ப்ளக்கில் பளீரென்று நீல ஸ்பார்க். தாதாவின் மகன் விசிலடித்தான்.

ஆக்ஸிலேட்டர் கம்பி உரசி உரசி ஒயரின் தோல் போயிருந்தது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சை. உப்புக்காற்று ஒயரின் தோலுக்குள் புகுந்தால் வெளியே தெரியாமல் வெகுதூரம் ஊர்ந்து போகும். ஈரமான காலையில் நிற்பதும் வெயில் ஏறியதும் ஓடுவதுமாக எஞ்சின் சில மாதங்களாகப் போக்குக் காட்டியதற்கும் இதுதான் காரணம். தகரம் பூசிய செம்பு ஒயர் ஒரு மீட்டர் போட்டு, கம்பியிலிருந்து விலக்கிக் கட்டினேன். வளையல் கையிலேயே இருந்தது.

நடுத்தண்ணீரில் இனி நின்றால் அந்த இணைப்பைப் பிரித்துவிட்டுக் கரைக்கு வந்துவிடலாம் என்று காட்டிக் கொடுத்தேன். ஆனால் அப்போது பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தாலும் படகு தன்பாட்டில் ஓடும். ஆகவே கரைக்கு வருவதற்கு மட்டும், ஒருவர் கை எஞ்சினிலேயே இருக்க வேண்டும். தாதா கொஞ்சம் யோசித்தார். இருட்டில் எது அந்த ஒயர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வலை நரம்பை ஒரு துண்டு அறுத்து, அந்த இணைப்பின் பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி மூன்று முடிச்சுப் போட்டார்.

இறங்கியிருந்த காயிலை மழைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சுற்றிக் கொடுக்க ஒரு பகல் வேலை.