மாமாவின் பாயிண்ட் டூ டூ

மாமா வீட்டு இரும்புப் பீரோவின் உள் லாக்கர் நகைக்கு அல்ல, ஒரு ரிவால்வருக்கு. அத்தைக்கு அதில் தீராத ஆற்றாமை. "ஏனுங்க, என்ற வளையலு சேலைக்கு அடியில கெடக்குது. அந்தச் சனியனுக்கு மட்டும் தனி ரூமா?" என்பார். மாமா வாயே திறக்க மாட்டார். லாக்கர் சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருப்பது அதிசயமில்லை. பன்றியை விரட்ட வைத்திருப்பார்கள். மாமா வேட்டைக்காரர் அல்ல. கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்க மாட்டார். கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ (.22) ரைஃபிளைப் பிடித்தவர். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை போடும் ஆசை அன்று ஒட்டிக்கொண்டது, கல்யாணம், தோட்டம், கடன் எதிலும் உதிரவில்லை.

ரிவால்வர் வந்தது 1974-ல். எஸ்டேட் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். வால்பாறையில் ஒரு துரை தன்னிடமிருந்ததை விற்கப்போவதாகச் செய்தி வர, மாமா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. நான் பாதியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

துரை பச்சைத் துணியைப் பிரித்தார். முதலில் சிலிண்டரை இடப்பக்கம் தள்ளித் திறந்து, ஆறு துளையும் காலி என்று மாமாவுக்குக் காட்டினார். பிறகு எனக்கும் குனிந்து காட்டினார். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அந்த மரியாதை பெரிது. அதன்பின்தான் கையில் கொடுத்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கே-22 மாஸ்டர்பீஸ். ஆறு அங்குலக் குழல், வைரக் கட்டம் செதுக்கிய வால்நட் கைப்பிடி, உடம்பெல்லாம் கருநீலம். தோட்டாவை அடிக்கும் குதிரையிலும் விரல் இழுக்கும் விசையிலும் மட்டும் மழைத்தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினாற்போல நிறங்கள்.

மாமா அதைச் சோதித்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. குதிரையை ஏற்றி, சிலிண்டரை விரலால் அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பிறகு சிலிண்டரைத் திறந்து, குழலின் பின்வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் நகத்தில் பட்டு உள்ளே பாயும். முன்வாய் வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். துருப்பொட்டு ஒன்றுகூட இல்லாமல், வலப்பக்கமாகச் சுழன்று போகும் வரிகள். சிலிண்டர் துளைகளின் விளிம்பையும் காட்டினார். தோட்டாவின் அடிவளையம் உள்ளே அமுங்கி உட்கார, ஒவ்வொன்றிலும் சின்னப் படி கடைந்திருந்தது.

விலை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அத்தையிடம் மாமா சொன்ன தொகை நிஜத் தொகை இல்லை என்பது மட்டும் தெரியும்.

வாங்கியது ஒரு நாள் வேலை, காகிதம்தான் மாதக்கணக்கு. கலெக்டர் ஆபீஸில் மனு, லைசென்ஸில் பதிவு, போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர். ஸ்டேஷன் ரைட்டர் பூதக்கண்ணாடி வைத்து, கே என்று தொடங்கும் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து எழுதினார். தேர்தல் வந்தால் ரிவால்வர் மறுபடி ஸ்டேஷனுக்குப் போகும், முடிவு வந்தபின் திரும்பும். ஒவ்வொரு தடவையும் மாமா எண்ணெய் பூசித்தான் ஒப்படைப்பார். துருவோடு வருமோ என்ற கவலையில், யார் ஜெயித்தார்கள் என்பதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையில் ஒரு ரேஞ்சுக்குப் போவோம். என் வேலை பஞ்சு, டார்கெட் காகிதம், பசை டப்பா சுமப்பது. சுட்டு முடித்து எல்லோரும் ஆயுதத்தைத் திறந்து கீழே வைத்தபின், இருபத்தைந்து மீட்டர் நடந்துபோய் ஓட்டைகளை எண்ணுவேன். குண்டு கோட்டைத் தொட்டாலே உள்வட்டத்து மதிப்பெண். அந்தக் கோட்டுக்காகப் பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள்போல் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் டூ டூ தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை, பெரிய தோட்டாக்களைப் போல அடியின் நடுவில் தனிக் குமிழாக இருக்காது. அடியைச் சுற்றியுள்ள வளைய மடிப்புக்குள் இருக்கும். குதிரையின் முனை அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். கலவை விளிம்பின் ஒரு பக்கம் சேராமல் போயிருந்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கிர்கீயில் செய்த கே.எஃப். தோட்டாவில் இது அவ்வப்போது நடக்கும். மாமா பதறாமல் குழலை டார்கெட் பக்கமே பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு திறந்து, அதே தோட்டாவை அரைச் சுற்று திருப்பிப் போடுவார். பெரும்பாலும் வெடித்துவிடும். சுட்ட கூட்டைத் திரும்ப நிரப்பவும் முடியாது. ஆனால் மலிவு, கையை உதைக்காது. நாள் முழுக்கச் சுடலாம்.

இந்த விளிம்புத் தோட்டாவுக்கு வயது அதிகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-ல் விற்ற முதல் ரிவால்வரே ஏழு குண்டு பாயிண்ட் டூ டூதான். இன்று உலகமெல்லாம் சுடும் 'லாங் ரைஃபிள்' தோட்டா 1887-ல் வந்தது. கே-22 வரிசை 1931-ல் தொடங்கியது. மாமா இவற்றை மனப்பாடமாகச் சொல்வார், அத்தையின் பிறந்த நாள் மட்டும் மறந்துபோகும்.

ரேஞ்சில் மற்றவர்களிடம் ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள். பத்து விநாடியில் ஐந்து குண்டு சுட வேண்டிய சுற்றில் அவர்கள் விசையை மட்டும் இழுத்தால் போதும். மாமா ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் குதிரையை ஏற்றித்தான் சுடுவார். அந்தச் சுற்றில் எப்போதும் கடைசி ஆள். "மாமா, நீங்களும் ஒரு பிஸ்டல் வாங்கிரலாமுங்" என்று கேட்டேன். "அவசரப்படறவனுக்கு அது. எனக்கு இதே போதுங் கண்ணு" என்றார். நிதானச் சுற்றில் அவரை நெருங்க ஆள் கிடையாது. ரிவால்வர் பழசு, உதவாது என்று சொல்கிறவர்கள் அந்தச் சுற்றைப் பார்க்காதவர்கள் என்பதே என் கட்சி.

வீடு திரும்பியதும் திண்ணையில் செய்தித்தாள் விரித்துச் சுத்தம் செய்வோம். காரீயக் குண்டு என்பதால் குழலில் கரிய மசி படியும். கம்பியில் துணி சுற்றி, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுப்பது என் பங்கு. பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. அத்தை சோப்போடு நிற்பார். முழங்கை வரை கழுவாமல் சோறு கிடையாது. காரீயம் கைவழி வயிற்றுக்குப் போகும் என்று அவரிடம் யார் சொன்னார்களோ, சொன்னது சரிதான்.

எனக்குப் பதினாறு முடிந்த பிறகுதான் மாமா ரேஞ்சில் அதை என் கையில் வைத்தார். கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். "டார்கெட்டப் பாக்காத கண்ணு. முன் சைட்டப் பாரு. வட்டம் மங்கலாவே இருக்கட்டும், சைட்டு மேல உக்காந்த மாதிரி வச்சுக்க." விசையை அழுத்தினேன், எப்போது வெடித்தது என்றே தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். குண்டு ஏழாம் வளையத்தில் விழுந்திருந்தது. மாமா காகிதத்தைக் கழற்றி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோக, பழைய சரக்கின் விலை ஏறியது. கேட்டு வந்தவர்களை மாமா காபி கொடுத்து அனுப்பினார். அவர் காலமானபின் காரியம் முடிந்த மறுநாளே அத்தை சாவியை எடுத்துத் தந்தார். ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். பிள்ளைகளுக்கு நாட்டமில்லை. டீலர் மூலம் லைசென்ஸ் உள்ள ஒரு விளையாட்டு வீரருக்குப் போயிற்று.

உங்கள் வீட்டுப் பெரியவரும் இப்படி ஒன்றை விட்டுப்போயிருந்தால், நினைவுக்காக இருக்கட்டும் என்று பூட்டி வைக்காதீர்கள். லைசென்ஸ் அவர் பெயருக்கு மட்டும்தான். அவருக்குப்பின் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு வேண்டுமென்றால் லைசென்ஸுக்கு அதன்பின் விண்ணப்பிக்கலாம்.