கழுத்தைப் பிடிக்காதே

கோழியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, உடம்பை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்தால், தலை அந்தரத்தில் அதே இடத்தில் நிற்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு இன்றும் தீராத வியப்பு. தலை அசையாமலிருக்க, கழுத்து நீண்டும் சுருங்கியும் வளைந்தும் ஓயாமல் ஈடுகொடுக்கிறது.

அதனாலோ என்னவோ, கரகாட்டம் பார்க்கும்போதெல்லாம் என் கண் காலுக்குப் போகாது, கழுத்துக்குத்தான் போகும். தலையில் அரிசி நிரப்பிய செம்பு, அதன்மேல் பூ அலங்காரம், உச்சியில் கிளி. தவிலும் உறுமியும் வேகமெடுக்க, ஆடுகிறவர் சுழல்கிறார், ஏணியில் ஏறுகிறார், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை எடுக்கிறார். கை கரகத்தைத் தொடுவதில்லை.

ஒருமுறை கோயில் கொடையன்று, மேடைக்குப் பின்னால் ஒரு சிறுமி பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தலையில் சும்மாடு, அதன்மேல் செம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொடுமளவு உயர்ந்து நின்றாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் செம்பு விழுந்தது; மறுபடியும் விழுந்தது. மூத்த ஆட்டக்காரம்மா எழுந்து வந்து, அவள் பிடரியில், மண்டையோடு முடியும் குழியில், இரண்டு விரலை வைத்து அழுத்தினார். “இங்க பிடிக்காதடி. விடு. முட்டிய இளக்கு, மூச்ச விடு.” தோள் இறங்கியது. அடுத்து நடந்தபோது செம்பு முன்னைவிட அதிகமாக ஆடியது. ஆனால் விழவில்லை.

அந்த விரல் வைத்த இடத்தைப் பற்றிப் பிறகு படித்தபோது மெய்சிலிர்த்தது. பக்கத்துக்கு நான்காகச் சின்னஞ்சிறு தசைகள் அங்கே இருக்கின்றன. சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தூக்கிப் பிடிப்பதைவிட, அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அவற்றின் பெரிய வேலை. உடலிலேயே நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் மிக நெருக்கமாக உள்ள தசைகளில் இவையும் சேர்த்தி. உட்காதுக்குத் தலை சாய்ந்தது தெரியும். தலை மட்டும் சாய்ந்ததா, ஆளே சாய்கிறாரா என்று அதற்குத் தெரியாது. கழுத்து சொன்னால்தான் மூளைக்குக் கணக்கு நேராகும். கண்ணை மூடி நிற்பவரின் பிடரித் தசையில் அதிர்வு கொடுத்தால், உடம்பே முன்னால் சாய்கிறது.

நீங்களே சோதிக்கலாம். பிடரிக் குழியில் விரல் வைத்து, தலையை அசைக்காமல், மூடிய இமைக்குள் கண்ணை இடமும் வலமும் ஓட்டுங்கள். விரலடியில் ஏதோ சின்னதாகத் துடிக்கும்.

நாளெல்லாம் குனிந்து போன் பார்த்து இந்தத் தசைகள் இறுகிப்போனால், அவை அனுப்பும் சேதியும் குழம்புகிறது. கழுத்துவலிக்காரர்களில் சிலர் இருட்டில் தள்ளாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாத் தலைச்சுற்றலையும் கழுத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. உட்காதில் நுண்கற்கள் இடம் மாறியிருக்கலாம், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

என் கவலையெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான். ஒருமுறை விழுந்தவர் அடுத்த நாளிலிருந்து கழுத்தையும் தோளையும் இறுக்கிக்கொண்டு, தரையையே பார்த்து நடக்கிறார். கூப்பிட்டால் தலை திரும்புவதில்லை, ஆள் முழுதாகத் திரும்புகிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயம் உடம்பை விறைக்க வைக்கிறது, விறைத்த உடம்பு சட்டென்று ஈடுகொடுக்க முடியாமல் மறுபடி தடுமாறுகிறது. நாமும் பின்னாலேயே போய் “பாத்து, பாத்து” என்று பயத்தைக் கூட்டுகிறோம். நல்ல பிசியோதெரபிஸ்ட்டுகள், பக்கத்தில் ஆள் நிற்க, தலையை இடமும் வலமும் திருப்பியபடியே நடக்கப் பழக்குகிறார்கள். கைத்தடி வாங்கித் தருவதோடு நிறுத்தாமல், வீட்டுத் தாழ்வாரத்தில் தினமும் கூடவே நடந்து, இதையும் நாம் செய்யலாம்.