கட்டி, கை

பயாப்சி ரிப்போர்ட்டை ஏதோ ஒரு மெஷின் அச்சடித்துத் தருவதாக நம்புகிறவர்கள் ஏராளம். ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் மூத்த பத்தாலஜிஸ்ட் ஒருவருக்கு, நோயாளிகள் அப்படி நினைப்பதில் வருத்தமில்லை. "இனிமே ஸ்லைடையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குமாமே சார்?" என்று சர்ஜன் ஒருவரே கேட்டதுதான் பொறுக்கவில்லை. கேட்டவர் அன்று அனுப்பிய படிவத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: கட்டி, கை. நோயாளியின் வயது, கட்டி வந்து எத்தனை நாள், தோலிலா தசையிலா, எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்கும் இதைத்தான் கொடுப்பார் போலும்.

மென்திசுக் கட்டிகளில் விடுபட்ட அந்த விவரங்கள்தான் பாதி வேலையைச் செய்கின்றன. முன்கையில் இரண்டு மூன்று வாரத்தில் மளமளவென்று வளர்ந்த 2 செ.மீ. கட்டியை லென்ஸுக்கு அடியில் வைத்தால் ஸ்பிண்டில் செல்கள் தாறுமாறாகக் கிடக்கும். பார்க்கும் இடமெல்லாம் மைட்டோசிஸ், அதாவது பிரியும் செல்கள். அனுபவமில்லாதவர் பதறிப்போய் சார்கோமா, அதாவது மென்திசுப் புற்று, என்று எழுதிவிடுவார். அது நாடுலர் ஃபாசியைட்டிஸாக இருக்கலாம். தானாகவே சுருங்கிவிடக்கூடிய கட்டி. கான்வேலர் என்ற பத்தாலஜிஸ்டும் கூட்டாளிகளும் 1955-இல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இதற்குள் யுஎஸ்பி6 மரபணு வேறொன்றோடு போய் ஒட்டிக்கொண்டிருப்பது 2011-இல் தெரியவந்தது. அந்த மரபணுவைச் சோதிக்க வசதியில்லாத ஊரில் "மூன்று வாரமாக" என்று படிவத்தில் எழுதியிருப்பதே பெரிய துப்பு.

டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா இதற்கு நேர் எதிர். வருடக்கணக்கில் மெல்ல வளரும். செல்கள் பாய் முடைந்தாற்போல் ஒழுங்காக ஓடும். பார்த்தால் பயமே வராது. ஆனால் தோலடிக் கொழுப்புக்குள் இழை இழையாக இறங்கியிருக்கும். ஒட்ட வெட்டினால் அதே இடத்தில் மறுபடி வரும். மேலாக ஒரு துளி பஞ்ச் பயாப்சி எடுத்து, கொழுப்பே இல்லாமல் அனுப்பி, "சாதாரண டெர்மட்டோஃபைப்ரோமாதானே?" என்று கேட்டால் யார்தான் பதில் சொல்வது?

அந்த மூத்த பத்தாலஜிஸ்டைப் பணிக்காலம் முழுக்க அலைக்கழித்தது எபிதெலியாய்டு சார்கோமா. அமெரிக்க ராணுவத்தின் நோயியல் நிறுவனத்தில் இருந்த ஃபிரான்ஸ் என்சிங்கர் 1970-இல் 62 நோயாளிகளை வைத்து இதை விவரித்தபோது, அழற்சி முடிச்சான கிரானுலோமாவைப் போலவும் கார்சினோமாவைப் போலவும் வேடமிடும் கட்டி என்று தலைப்பிலேயே எச்சரித்தார். இளவயதினரின் விரலிலும் உள்ளங்கையிலும் முன்கையிலும் வரும். பல நேரம் ஆறாத புண்ணாக. நடுவே செத்த திசு, சுற்றிலும் எபிதெலியாய்டு செல்கள், ஓரத்தில் லிம்ஃபோசைட்டுகள். காசநோய் மலிந்த நம் நாட்டில் இந்தக் காட்சியைப் பார்த்தால் கை தன்னால் என்ன எழுதும்? காசநோய்க் கிருமிக்கான ஏஎஃப்பி சாயத்தில் கிருமி தெரியாவிட்டாலும் காரணம் தயார்: தோல் காசநோயில் பெரும்பாலும் தெரியாதுதானே! நோயாளி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்குவார். கட்டியோ கைவழியே மேலேறி அக்குள் நெறிக்கட்டியை எட்டும். சார்கோமாக்களில் நெறிக்கட்டிக்குப் பரவுவது அபூர்வம். இது அந்த விதிக்கும் அடங்காது.

பிரித்தறிய வழி உண்டு. சைட்டோபிளாசம் கிரானுலோமாவில் இருப்பதைவிட அடர்த்தியான இளஞ்சிவப்பு. நியூக்ளியஸ் சற்றே பெரிது. எபிதெலியாய்டு செல்கள் மெல்ல மெல்ல ஸ்பிண்டிலாக மாறும் ஓர் இடம் எங்காவது இருக்கும். அதைத் தேட வேண்டும். லாங்ஹான்ஸ் செல்லைக் காணவில்லையென்றால் சந்தேகம் வலுக்க வேண்டும். அதன் பிறகுதான் கெரட்டின், ஐஎன்ஐ1 ஆகிய புரதங்களுக்கான மார்க்கர் சாயங்கள். ஐஎன்ஐ1 சாயத்தில் பக்கத்து லிம்ஃபோசைட் பழுப்பாக இருக்க, கட்டியின் நியூக்ளியஸ் வெறுமையாக நின்றால் சந்தேகம் தீர்ந்த மாதிரி.

இப்போது படிக்கிறவர்கள் ஸ்லைடை மொத்தமாகக் காட்டும் 4எக்ஸ் லென்ஸைத் தொடுவதேயில்லை என்பது அவருடைய புகார். ஸ்லைடை ஃபோனில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, பத்துப் பன்னிரண்டு மார்க்கருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். செலவு நோயாளி தலையில். சிடி34 என்ற மார்க்கர் பாசிட்டிவ் என்று துள்ளுகிறார்கள். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமாவில் பாசிட்டிவ், எபிதெலியாய்டு சார்கோமாவில் பாதிக்குப் பாதி பாசிட்டிவ், ஸ்பிண்டில் செல் லைப்போமாவிலும் பாசிட்டிவ். அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கே அவர் சற்று மிகையாகப் பேசுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் கண்ணை நம்பிய காலத்தில் 'மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா' என்ற ஒரே பைக்குள் எத்தனையோ கட்டிகள் போய் விழுந்தன. பிளியோமார்ஃபிக் சார்கோமா என்று பெயரிடப்பட்ட 159 கட்டிகளை கிறிஸ்டோபர் ஃபிளெட்சர் என்ற பத்தாலஜிஸ்ட் மறுபடி ஆராய்ந்து 1992-இல் எழுதினார்; பெரும்பாலானவை அந்தப் பைக்குரியவையல்ல, வேறு கட்டிகள். அதைச் சொன்னால், மார்க்கர் மட்டுமா காரணம், ஃபிளெட்சர் கூடுதலாக ஸ்லைடுகளும் வெட்டிப் பார்த்தாரே என்று உடனே மடக்குகிறார்.

ஒரு விஷயத்தில் அவரோடு வாதாட இடமில்லை. சிறு கட்டிதானே என்று வெட்டிக் குப்பையில் போடுவதும், சலைனில் மிதக்கவிட்டு அனுப்புவதும் இன்னும் நடக்கின்றன. திசு கெடாமலிருக்கக் கட்டியின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். உங்கள் உடம்பிலிருந்து எது எடுக்கப்பட்டாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்கு வேறு ஊர் போகும்போது ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.