சுருங்கை

பொதிகையிற் பிறந்த பொருநையாறு, சுத்தமல்லி அணைக்கட்டிலே ஒரு கிளையை நெல்லைக்கு அனுப்புகின்றது. வயலுக்குச் செல்லும் அக்கால்வாய் நீர் ஊர் நடுவே திறந்து ஓடுகின்றது. கரையில் நிற்போர் எவரும் அதனை முகக்கலாம். அதிற் குப்பையும் கொட்டலாம். நிலத்தின்கீழ் மறைவாக நீர் செல்லும் வழியையோ பழந்தமிழர் 'சுருங்கை' என்றனர். 'வி.பி.என்.' என வழங்கும் மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பற்றி என் பேத்தி விளக்கியபோது அச்சொல்லே என் நினைவில் எழுந்தது. தமிழாசிரியனுக்கு வேறு எது எழும்?

இரயில் நிலையத்திலும் விடுதியிலும் கிடைக்கும் பொது வைஃபை திறந்த வாய்க்காலை ஒத்தது. அங்கே நான் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிறேன். நீங்கள் கல்லூரி விண்ணப்பத்தில் ஆதார் எண்ணை எழுதுகிறீர்கள். அதே வலையில் வல்லவன் ஒருவன் ஒளிந்து நோக்கலாம்; நிலையத்தின் பெயரையே சூட்டிப் போலி வலை விரிக்கவும் செய்யலாம். வி.பி.என். நம் செய்தியைக் கைப்பேசியிலேயே மறையெழுத்தாக்கித் தன் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே அம்மறைப்பு நீங்கிச் செய்தி உரிய தளத்தை அடைகிறது. இடைவழியில் நிற்பவனுக்குப் பொருள் விளங்காது.

பயன்படுத்துதல் அரிதன்று. கைப்பேசியின் செயலிக் கடையில், வெளியிட்டவர் பெயரைச் சரிபார்த்து இறக்குக. பொது வைஃபையில் இணைந்தவுடன் அதனை இயக்கி, இணைந்தமைக்குரிய குறி தோன்றிய பின்னரே பிற பக்கங்களைத் திறக்க. சுருங்கை இடையில் அறுந்தால் போக்குவரவு முழுவதையும் நிறுத்தும் ஏற்பாடு பலவற்றில் உண்டு. அதனையும் இயக்கி வைக்க.

ஆயினும் விளம்பரங்கள் முழங்கும் அளவிற்கு இஃது அருமருந்தன்று. வங்கித் தளங்கள் இன்று தாமே செய்தியை மறைத்து அனுப்புகின்றன. அங்கே வி.பி.என். கூடுதலாக மறைப்பது, நாம் எத்தளத்திற்குச் செல்கிறோம் என்பதையே. போலிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லை எழுதினால், சுருங்கை அதனைப் பத்திரமாகக் கள்வனிடம் சேர்த்துவிடும்!

இன்னொன்றும் உண்டு. கரையில் நிற்பவனுக்கு மறைத்ததை மடை காப்பவனிடம் ஒப்படைக்கிறோம் அன்றோ? இலவசமாகக் கொடுப்பவன் எதனால் பிழைக்கிறான் என்று வினவுதல் வேண்டும். பயனர் செய்தியை விற்றுப் பிழைப்போரும் உளர். 2022 ஏப்ரல் 28-ஆம் நாள், நடுவண் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பாகிய செர்ட்-இன், வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு காத்துவைக்குமாறு வி.பி.என். நிறுவனங்களைப் பணித்தது. குற்றவாளியைத் தேட அது வேண்டும் என்பது அரசின் கருத்து. எக்ஸ்பிரஸ் வி.பி.என். முதலியன அவ்வாண்டே இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றின. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் உரைத்ததை எண்ணும்போது, ஐந்தாண்டு மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் ஒரு நிறுவனத்தின் விதிமுறைகளை ஒரு பிற்பகல் முழுதும் படித்தேன். எவற்றைத் தாம் குறித்து வைப்பர் என்பது நான்காம் பக்கத்தில் ஒரே வரியாகக் கிடந்தது. பழைய உரைகளில் நுண்பொருள் தேடிப் பழகிய கண்ணுக்கு அது தப்பவில்லை.