மூன்றெழுத்துச் சொல்

ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. 'செட்' என்னும் அந்தச் சொல் எங்கள் பதினோராம் வகுப்பைப் படுத்திய பாட்டை இங்கே எழுதுகிறோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதிவிடுவதென்று எல்லோரும் கூடி முடிவு செய்தோம்.

எங்கள் வகுப்பில் இரண்டு கூட்டம் உண்டு. பள்ளி இருக்கும் ராஜபாளையத்திலேயே குடியிருப்பவர்கள் ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் மற்றொன்று. 'ராஜபாளையம் செட்', 'வில்லிபுத்தூர் செட்' என்று நாங்களே பெயர் சூட்டிக்கொண்டோம். மத்தியானச் சாப்பாடும் அரட்டையும் அவரவர் செட்டுக்குள்தான். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி மட்டும் எதிலும் சேரவில்லை. உள்ளதைச் சொன்னால், நாங்கள் சேர்க்கவில்லை.

ஒருநாள் ஆங்கில வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் அந்த மூன்றெழுத்தை எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். சூரியன் மேற்கே மறைகிறது என்றாள் ஒருத்தி. டீ செட் வாங்கினோம் என்றாள் இன்னொருத்தி. அந்தத் தோழியின் முறை வந்தது. பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை போலும். "எங்க அப்பா ராத்திரி பம்புசெட் போடப் போவாங்க, சிஸ்டர்" என்றாள். கொல்லென்று சிரித்தோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "பம்பும் ஆங்கிலம், செட்டும் ஆங்கிலம். எதற்குச் சிரிப்பு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒரு செய்தி சொன்னார். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தானாம். வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்! பின்னர் அகராதியைத் திருத்தி எழுதும்போது 'ரன்' என்ற சொல் 645 பொருளோடு முந்திவிட்டதாக 2011-இல் செய்தி வந்ததாம். "நம் ஊரில் இந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று திங்கட்கிழமைக்குள் எழுதி வாருங்கள்" என்றார்.

காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தோம். மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிப்பது மைக் செட். கல்யாணத்துக்கு வருவது மேளம் செட், ஊர்வலத்துக்குப் பேண்டு செட். கடையில் 'ஒரு செட்' என்றால் இரண்டு பூரி. வாலிபாலில் ஆட்டத்தின் ஒரு பகுதியும் செட். அடிப்பவளுக்குப் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுப்பதும் செட். ஜியோமெட்ரி பாக்ஸின் முக்கோணங்களும், கணக்குப் புத்தகத்தின் கணங்களும் அதுவே. கொத்தனார், "சிமெண்ட் இன்னும் செட்டாகல, மிதிக்காதீங்க" என்றார். பால்கோவா செட்டாகுமா என்று வில்லிபுத்தூர்க்காரிகளிடம் கேட்டோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்தைப் பற்றி இப்படியா கேட்பது என்று சண்டைக்கு வந்தார்கள். அது இளகித்தான் இருக்க வேண்டுமாம்! அண்ணன்மாரோ "நமக்குச் செட்டாகாது" என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டி இருபத்தாறு சேர்த்தோம். பெருமையாக இருந்தது.

திங்களன்று சிஸ்டர் ஒவ்வொரு நோட்டாகப் படித்தார். அந்தத் தோழி பம்புசெட்டிலேயே தொடங்கியிருந்தாள். பம்பு மட்டும் இருந்தால் தண்ணீர் வராது, மோட்டார் மட்டும் இருந்தாலும் வராது, இரண்டும் சேர்ந்தால்தான் செட் என்று எழுதியிருந்தாள். எங்கள் இருபத்தாறில் ஒன்றுக்குக்கூட நாங்கள் காரணம் எழுதவில்லை. அவள் பட்டியலின் கடைசி வரியையும் சிஸ்டர் அதே குரலில் படித்தார்: "அவ நம்ம செட் இல்ல. பொருள்: கூடச் சேர்க்காமல் இருப்பது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை.

சிஸ்டர் நோட்டை மூடிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு தனிச் சொற்கள் கலந்து கிடக்கின்றனவாம். கூட்டம் என்ற பொருள் தரும் 'செட்' லத்தீனின் 'செக்டா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். மற்றொன்று பழைய ஆங்கில வினை. "தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்திருக்கிறீர்களே! திருந்தினாள், திருத்தினாள். அதுபோல 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. உட்கார்வது 'சிட்', உட்கார வைப்பது 'செட்'" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மணி அடித்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டோம். "படிக்கணும்" என்று சொல்லி வகுப்பிலேயே இருந்துவிட்டாள். அதற்கு மறுநாளும் அப்படியே. நாங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்கே போனோம். எழுந்து போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, இரண்டு ஊரிலிருந்தும் அவள் தோட்டத்துக்குப் போனோம். மும்முனைக் கரண்ட் வந்தால்தானே மோட்டார் ஓடும்? காத்துக் காத்துக் கண் பூத்துப்போயிற்று. மூன்றேகாலுக்கு வந்தது. குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது.

"நீங்கள்லாம் எங்க பாப்பாவோட செட்டா, தாயி?" என்று கேட்டார் அவள் அப்பா.

அவள் மோட்டார் சத்தத்தில் காதில் விழாதவள்போல் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று நாங்கள்தான் சொன்னோம்.