இகழ்ந்தவர் யார்?

'கன்டெம்ப்டிபிள்', 'கன்டெம்ப்சுவஸ்' என்ற இரு ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் முதலாவது இகழத்தக்கவரைச் சுட்டும். இரண்டாவது இகழ்பவரைச் சுட்டும். வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். செய்தி மேஜையின் அவசரத்தில் இரண்டையும் 'இழிவான' என்று தமிழாக்கினால், ஏளனப் பார்வை இழிந்த பார்வையாகிவிடும்.

இகழப்பட்டவரே அந்த வசையைப் பட்டமாக்கிக்கொண்டதும் உண்டு. 1914இல் பிரான்ஸுக்குச் சென்ற சிறிய பிரிட்டிஷ் படையை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 'கன்டெம்ப்டிபிள்' என்று தூற்றியதாகச் செய்தி பரவியது. அப்படி அவர் ஆணையிட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் என்ன? உயிரோடு திரும்பிய வீரர்கள் தங்களை 'ஓல்டு கன்டெம்ப்டிபிள்ஸ்' என்றே பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள்.

இந்திய நீதிமன்றங்களில் இரண்டாவது சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது: நீதிமன்ற அவமதிப்பாகும் செயல். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பு இரு வகை. ஆணையை வேண்டுமென்றே மீறுவது சிவில் அவமதிப்பு. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது, நீதி வழங்கலில் குறுக்கிடுவது போன்றவை கிரிமினல் அவமதிப்பு. முதல் வகைக்கு ஏளனமே தேவையில்லை. ஓய்வூதியம் தரச் சொன்ன ஆணையைத் தெரிந்தே கோப்புக்கு அடியில் போட்டுவைக்கும் அதிகாரி எந்த நீதிபதியையும் கேலி செய்திருக்க மாட்டார். வாயே திறக்காமல் அவர் குற்றவாளி ஆகலாம்.

இரண்டாம் வகையில்தான் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல். வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணின் இரண்டு ட்வீட்கள் அவமதிப்பு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இடம் தந்தும், விதிக்கப்பட்டது 1 ரூபாய் அபராதம். அந்த ட்வீட்களை ஆங்கில ஏடுகள் 'கன்டெம்ப்சுவஸ்' என்றன. அதைத் தமிழில் 'அவமதிப்பான' என்று எழுதினால் அது தீர்ப்பைச் சொல்வது. 'இழிவான' என்று எழுதினால் அது செய்தியாளரே வழங்கும் இன்னொரு தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

தமிழில் சொல் பஞ்சம் இல்லை. அலட்சியம் பொருட்படுத்தாது, ஏளனம் சிரிக்கும், இகழ்ச்சி தாழ்த்தும், அவமதிப்பு மரியாதையைப் பறிக்கும். இவற்றில் ஒன்றை எடுக்குமுன், இகழ்ந்தவர் யார், இகழப்பட்டவர் யார் என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் போதும். நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலுக்கு முதலிடம் தந்தது தொல்காப்பியம். நீதிமன்றத்தில் மட்டும் அந்த எள்ளலுக்கு யாரும் சிரிப்பதில்லை.