இரண்டு பெயர்கொண்ட குளிசைகள்

எங்கள் பகுதியில், பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த வியாபாரப் பெயர் என்று சொன்னால் நம்புவோர் குறைவு. அக்கரைப்பற்றுச் சந்தையிலிருந்து ஆலையடிவேம்பு, பனங்காடு, திருக்கோவில் வரை தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் உடல் உழைவுக்கும் கேட்கப்படுவது பனடோல்தான். அதே மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியின் யன்னலால் பரசிற்றமோல் என்ற பெயரோடு கடதாசி உறையில் வரும்போது வேறொரு குளிசையாகிவிடுகிறது. "ஆஸ்பத்திரிக் குளிசைக்குக் காய்ச்சல் கேக்கல்ல, அதோட ரெண்டு பனடோலும் போட்டன்" என்று சொல்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். வளர்ந்த ஒருவர் ஐந்நூறு மில்லிகிராம் குளிசையை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. மிஞ்சினால் ஈரல் பழுதாகும். டெங்குக் காலத்தில் இந்தக் கணக்குப் பிழைத்தால் விளைவு மோசமானது.

மருந்துக்குப் பெயர் இரண்டு என்ற இந்தச் சின்ன விடயத்தை நான் இத்தனை வருடம் பத்திரிகையில் எழுதியதில்லை. வைத்தியர் இடமாற்றம், தாதியர் வேலைநிறுத்தம், கட்டடத் திறப்பு விழா எல்லாம் எழுதியிருக்கிறேன். யன்னலுக்கு அப்பால் நின்று குளிசை எண்ணும் மனிதர் செய்தியாவது அவரும் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் மட்டுமே. என் அக்காவின் மகள் மருந்தாளர் பயிற்சிக்குப் போன பிறகுதான் அந்த யன்னலின் மறுபக்கத்தை எட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நானோ கலைப் பட்டதாரி. இரசாயனத்துக்கும் எனக்குமான உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முறிந்துபோன ஒன்று.

என் சிறுபராயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து வெறும் போத்தல் கொண்டுபோக வேண்டும். கலவை மருந்தை அதில் ஊற்றித் தருவார்கள். வேளைக் கணக்குக்காகக் கடதாசித் துண்டொன்றைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலில் ஒட்டிவிடுவதும் உண்டு. ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை முடிந்தது. எழுத்தறியாதவர்களுக்கு இதைவிடத் தெளிவான அறிவுறுத்தலை எந்தக் கம்பனியும் இதுவரை அச்சிடவில்லை என்பேன். மருந்து கலந்தவரை ஊரார் 'அப்போதிக்கரி ஐயா' என்பார்கள். உண்மையில் அவர் அப்போதிக்கரி அல்லர், மருந்துக் கலவையாளர். அந்த வேறுபாடு எங்களுக்குத் தேவைப்படவுமில்லை.

மருமகளின் படிப்பு, அவளே எதிர்பாராத விதமாக, ஒரு கடையில் ஆரம்பித்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தவள், பொழுது போகட்டும் என்று அக்கரைப்பற்றில் ஒரு பாமசிக்கு உதவியாளராகப் போனாள். அது 2021. மறு வருடம் நாடு வங்குரோத்தானது. டொலர் இல்லை, மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் 'வெளியில் வாங்கவும்' என்று துண்டெழுதிக் கொடுக்க, அந்தத் துண்டுகள் எல்லாம் கடைக்கு வந்து சேர்ந்தன. போன மாதம் வட்டமான வெள்ளைக் குளிசை, இந்த மாதம் நீளமான மஞ்சள், அடுத்த மாதம் எது வருமோ தெரியாது. மருந்து ஒன்றுதான், பெயரும் நிறமும்தான் வேறு என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. பத்து நாளைக்குரிய துண்டைக் கொண்டுவந்து மூன்று நாளைக்கு மட்டும் வாங்கிப்போனவர்களை அவள் அப்போது கண்டாள். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு "வாப்பாட பிறஷர் குளிசைய மட்டும் தாங்க, என்டய பிறகு பாப்பம்" என்று சொன்ன ஒரு தாயை இன்னமும் நினைவுகூர்கிறாள்.

நோன்பு காலத்துக் கேள்விகள் தனி. மூன்று வேளைக் குளிசையை ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் எப்படிப் பங்கிடுவது? சீனி வருத்தக்காரர் நோன்பு பிடித்தால் இன்சுலினை என்ன செய்வது? கப்சியூலின் உறை எந்த மிருகத்திலிருந்து எடுத்தது? கடைக்காரக் காக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதற் பாடம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வைத்தியரிடம் திருப்பி அனுப்புவது. வியாபாரி ஒருவர் வாயில் இது இலேசாக வருகின்ற வார்த்தையல்ல.

பின்னர் அரசாங்கப் பயிற்சிக்குத் தெரிவாகிக் கொழும்புக்குப் போனாள். அங்கே எல்லாம் தலைகீழ். கடையில் வியாபாரப் பெயர் சொல்லிப் பழகிய வாய், மூலப்பெயர் சொல்லப் பழக வேண்டியிருந்தது. பாடங்கள் ஆங்கிலம், நோயாளரின் மொழி சிங்களம், இவளது கனவுகள் தமிழ். வெளிநோயாளர் யன்னலில் முகம் பார்க்கவே நேரமில்லை. கைகள் மட்டும் வந்து போகும். சிறுவர் பிரிவில், பெரியவர்களுக்கான குளிசையைக் கல்வத்தில் அரைத்துக் குழந்தையின் நிறைக்கேற்பப் பொட்டலமாகப் பிரித்தார்கள். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் மருந்து பத்து மடங்காகிவிடும் என்பதால் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்த பிறகே உறையில் இட வேண்டும். களஞ்சியத்தில் வேறு கவலை. இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் இருக்க வேண்டிய இன்சுலின் பெட்டிகள், மின்சாரம் போகும் நேரம், முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே அனுப்பும் ஒழுங்கு.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேற் பற்றி அவள் சொன்னது என்னைத் திடுக்கிட வைத்தது. அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. மற்றைய குளிசைகளைப் போல நாள்தோறும் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். உலகெங்கும் அப்படிப் போயிருக்கின்றன. 'வாரம் ஒன்று' என்று எழுதினால் போதாதாம், கிழமையின் பெயரையே எழுத வேண்டுமாம். எங்களூரில் வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தால் இலகு என்றாள். முஸ்லிம்களுக்கு ஜும்ஆ, எங்களுக்கு அம்மன் கோயில். இரு பகுதியாரும் மறக்க மாட்டார்கள்.

இனி வீட்டுக் கதை. என் தாயாருக்கு எண்பது நெருங்குகிறது. பிறஷருக்கு மாதாமாதம் அரசாங்க கிளினிக்கில் மருந்தெடுப்பவர். ஒரு தடவை நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னபோது, உறவினர்கள் வேறோர் ஊரில் தனியார் வைத்தியரிடம் காட்டினார்கள். அவரும் துண்டெழுதினார், மருந்தும் வாங்கினோம். இரண்டு கிழமை கழிந்த ஒரு விடியற்காலை, படுக்கையை விட்டு எழுந்த தாயார் நிலைப்படியில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். வயது போனால் தலைச்சுற்று வருவதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த மருமகள், அம்மம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து குளிசைகளைப் பாயில் பரப்பினாள். கிளினிக் உறையிலிருந்து ஒன்று, கடை அட்டையிலிருந்து ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மம்மா, இது ரெண்டும் ஒண்டுதான். ரெண்டும் லொசாட்டன்."

"ஒண்டு வெள்ளை, மற்றது பச்சை. எப்பிடிக்கா ஒண்டாகும்?" என்றார் தாயார். நியாயமான கேள்வி.

உறையில் மூலப்பெயர், அட்டையில் பெரிய எழுத்தில் வியாபாரப் பெயர். மூலப்பெயர் அதன் கீழே, எறும்பு ஊர்ந்தது போல. இரண்டு வைத்தியரும் தத்தம் அளவில் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஒருவர் துண்டை மற்றவர் காணவில்லை, அவ்வளவுதான். மருமகள் தானாக எதையும் நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தந்து கிளினிக் வைத்தியரிடம் அனுப்பினாள். அவர் ஒன்றை வெட்டிவிட்டார். தாயார் அதற்குப் பிறகு விழவில்லை.

அந்தப் பச்சைக் குளிசையை அவள் கடையில் விற்றிருக்கிறாள், வெள்ளையைக் கொழும்பில் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். கடையில் மட்டும் நின்றிருந்தால் ஒன்றைத்தான் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் மட்டும் பயின்றிருந்தால் மற்றது புதிதாக இருந்திருக்கும். எங்கள் சனமோ இரண்டு இடத்துக்கும் போகிறது, அதுவும் ஒரே கிழமையில்.

மூலப்பெயரின் அருமையை இந்த நாட்டுக்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971 இல் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையும், அதே ஆண்டில் உருவாகி அவரைத் தலைவராகக் கொண்டிருந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் சொன்னது இலேசான விடயம்: விலை கூடிய பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள், மருந்துக்குக் கொடுங்கள். 1977 இல் கயானாவில் அவர் காலமானார். அவர் பேசிய காலத்தில் அது பணத்தைப் பற்றிய வாதமாகவே கேட்டது. பெயர் தெரியாமை ஆளையும் விழுத்தும் என்பதை நான் வீட்டு நிலைப்படியில்தான் கற்றேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அதன்பின் வந்த நன்கொடை மருந்துப் பெட்டிகளைச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் பார்த்தேன். எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத பெட்டிகளும் அவற்றில் இருந்தன. மருந்தைப் பெறுவோருக்குப் புரிகிற மொழியில், மூலப்பெயரோடு அனுப்புங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1996 இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. அனுப்பியவர்களில் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். மூலப்பெயரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நாம் பரசிற்றமோல் என்பதை அமெரிக்கர் அசெற்றமினோபென் என்பார்கள். மூச்சிழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோல் அங்கே அல்பியூட்டரோல். அந்தப் பெட்டிகளின் முன் குந்தியிருந்து பிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியும் அன்று நான் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. இறந்தவர்களை எழுதவே இடம் போதவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் வழிகள் இங்கே பல. அரசாங்கத்தால் தெரிவாகி ஆஸ்பத்திரிகளில் பயில்வது ஒன்று. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ்ப் பயிலுநராக இருந்து, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சைக்கு வெளிவாரியாகத் தோற்றுவது இன்னொன்று. யாழ்ப்பாணம் உட்படச் சில பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பும் இருக்கிறது. கடைவழி வந்தவருக்கு வார்ட்டு தெரியாது, ஆஸ்பத்திரிவழி வந்தவருக்குக் கடன் கொப்பி தெரியாது. பயிலுநரைச் சில மாதங்களாவது இடம் மாற்றி நிறுத்தினால் என்ன என்று மருமகளிடம் கேட்டேன். "கடைக்காரருக்குச் சம்பளம் ஆரு குடுப்பாங்க மாமா?" என்று திருப்பிக் கேட்டாள். சான்றிதழ் சுவரிலும் சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பதுமான பாமசிகள் உள்ள நாட்டில் அது பெரிய கேள்விதான்.

இப்போது அவள் ஒரு சிறிய கிராமிய வைத்தியசாலையில் இருக்கிறாள். மருந்தாளர், களஞ்சியப் பொறுப்பாளர், எழுதுவினைஞர் எல்லாம் அவள் ஒருத்தியே. கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்காரருக்கு, பாவிக்கும் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்முட்டிக்குள் எப்படிப் பாதுகாப்பது என்று காட்டுகிறாள். உறைகளில் சூரியனும் சந்திரனும் கீறிக் காலை, இரவு சொல்கிறாள். அவளிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. இடப்பக்கத்தில் மூலப்பெயர் தமிழ் எழுத்தில். வலப்பக்கத்தில் எங்கள் பகுதிக் கடைகளில் அது எந்தெந்தப் பெயரில், எந்த நிறத்தில் கிடைக்கிறது என்ற விபரம். நிறம் மாறும்போதெல்லாம் வெட்டி எழுதுகிறாள். குளிசை கொண்டுவருவோரிடம் வீட்டிலுள்ள மற்றக் குளிசைகளையும் அடுத்த முறை டின்னோடு கொண்டுவரச் சொல்கிறாளாம். சிலர் கொண்டுவருகிறார்கள்.

அவளுக்கு இடமாற்றம் வரலாம் என்று கதை அடிபடுகிறது. போன கிழமை நான் போனபோது, யன்னலைச் சாத்திவிட்டு, அந்தக் கொப்பியை இன்னொரு கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டிருந்தாள். பதினேழாம் பக்கத்தில் நின்றாள். எழுத்து விளங்குகிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டாள். இரண்டு இடத்தில் விளங்கவில்லை, திருத்தினாள்.